கண்ணால் பார்க்காமல் கேதம் சொல்லாதே

2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை. மார்கழி முதல் நாள். பல்கலைக்கழக விடுதியில் நான் கண் விழிப்பதற்குள் கைப்பேசியில் பதினோரு செய்திகள் வந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே காணொளி, ஏறக்குறைய ஒரே கேள்வி: "தோழர், இது உங்க ஊர்க் கோயில்தானே?"

காணொளியில் இளையராஜா. முந்தைய நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் ஜீயர்களோடு நடந்து போகிறார். அர்த்த மண்டப வாசலில் அவரிடம் ஏதோ சொல்கிறார்கள். அவர் வெளியே வந்து நிற்கிறார். சில நொடிக் காட்சி, அவ்வளவுதான். ஆனால் அதன் மேல் எழுதியிருந்த வாசகங்கள் அவ்வளவோடு நிற்கவில்லை. சாதியைச் சொல்லி விரட்டினார்கள், கோயிலை விட்டே வெளியேற்றினார்கள், அவமானப்பட்டுக் காரேறினார் என்றெல்லாம் ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள்.

ஊர்க்காரி என்கிற உரிமையில் நானும் நான்கு வரி எழுதிப் பகிர்ந்தேன். பல்கூடத் துலக்கியிருக்கவில்லை. என் பதிவில் "வெளியேற்றினார்கள்" என்ற சொல் இருந்தது. அதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது யோசித்தால், யாரோ ஒருவருடைய வாசகத்திலிருந்துதான். மதியத்துக்குள் 400-க்கும் மேற்பட்டவர்கள் அதைப் பகிர்ந்திருந்தார்கள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தை நான்கு பேரைப் படிக்கவைக்க ஆறு மாதம் அலைகிறவளுக்கு இது பெரிய மயக்கம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தன்னை மையமாக வைத்து வதந்தி பரப்புகிறார்கள், எந்த இடத்திலும் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் அல்ல நான், நடக்காததை நடந்ததாகச் சொல்வதை நம்பாதீர்கள் என்ற பொருளில் இளையராஜாவே எழுதினார். அறநிலையத் துறையும் விளக்கம் கொடுத்தது: அர்த்த மண்டபத்துக்குள் அர்ச்சகர்கள், ஜீயர்கள், குறிப்பிட்ட கோயில் பணியாளர்கள் தவிர வேறு யாரும் போவது வழக்கமில்லை, உடனிருந்த ஜீயர் இங்கிருந்தே தரிசிக்கலாம் என்று சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டு வெளியே நின்று கும்பிட்டார்.

நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் பதிவை அழித்தேன். "நான் எழுதியது தவறு" என்று ஒரு வரி எழுதவில்லை. அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலை என்றதும் கிரிவலம், தீபம், அருணாசலேசுவரர் என்று உங்கள் மனம் வடக்கே ஓடும். இது அதுவல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமாக ஒரு சின்னக் குன்றும் அதன் மேல் ஒரு பெருமாள் கோயிலும் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அள்ளும். தென்திருப்பதி என்பார்கள். அந்தக் குன்றுக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள் நான். எங்கள் ஆட்கள் வேலைக்குப் போவது ராஜபாளையம் மில்களுக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளுக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் போவார்கள்.

அந்த பஸ்ஸில்தான் தகராறு. சித்தப்பா மகன் என் பதிவைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். கூடவே தன் பங்குக்கு ஒரு வரி. நான் அழித்த பிறகும் அவனுடைய போனில் அது இருந்தது. "உங்க அக்கா பொய்யச் சொல்லி சாதிச் சண்டை மூட்டுறாளாமே, இளையராஜாவே சொல்லிட்டாரே" என்று கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் ஆரம்பிக்க, வாய்ச்சண்டை, சட்டை கிழிந்தது. மாலையில் காவல் நிலையம். இரண்டு தரப்பையும் இரவு வரை உட்கார வைத்து, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. இருந்திருந்தால்? அவன் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறவன். வழக்கு ஒன்று பேரில் இருந்தால் உடல்தகுதி, எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டியும் கடைசிச் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

சித்தப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏத்தா, நீ பெரிய படிப்பு படிக்கிறவ. நீ எழுதுனா நம்ம புள்ளைக உண்மைன்னுதான நினைக்கும்? ஒனக்கு அழிக்கத் தெரியுது. இவன் என்னத்த அழிப்பான்?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கய்யா கண்ணால பாக்காம கேதம் சொல்லப் போனதில்ல" என்றார்.

அவருடைய அய்யா என் தாத்தா. ஊருக்குக் கேதம் சொன்னவர். தெரியாத இளைய தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்த் தெருவில் யாராவது இறந்துவிட்டால் உறவுக்காரர்கள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ச் சாவுச் செய்தி சொல்ல வேண்டியது சேரி ஆளின் வேலை. சில பக்கம் துட்டி சொல்வது என்பார்கள், வேறு சில பக்கம் இழவு சொல்வது. அதற்குக் கூலி என்று ஒன்று கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்தில் அளக்கிற தானியம் உண்டு. அந்தத் தானியத்துக்குப் பெயர் "சுதந்திரம்". இந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருந்தது என்று அகராதியில் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

தாத்தா கிளம்புவதற்கு முன் பிணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம். வீட்டுக்குள் விடமாட்டார்கள். வாசலில் கிடத்தும் வரை காத்திருப்பார். செத்தது யார், அண்ணனா தம்பியா, எத்தனை மணிக்கு, எடுப்பது எப்போது, எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்வார். ஒருமுறை பக்கத்து ஊரில் சீக்காளியாகக் கிடந்தவருக்கு மூச்சு நின்றுவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி ஓடிப்போய்ச் சொன்னவரை, சீக்காளி மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும், புளியமரத்தில் கட்டி வைத்தார்கள் என்பது எங்கள் வீட்டில் பாட்டி சொல்லும் கதை. தாத்தாவின் துல்லியத்துக்குப் பின்னால் இருந்தது நேர்மை மட்டுமல்ல. அந்த மரமும்தான்.

அதனால் அதை ஒரு நற்பண்பாகச் சட்டம் போட்டு மாட்ட எனக்கு மனமில்லை. "கடமை" என்ற சொல்லே நம் தெருக்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. பறை அடிப்பது கடமை, செத்த மாட்டைத் தூக்குவது கடமை, கேதம் சொல்வது கடமை. தண்டோரா போடுவதும் அப்படித்தான். இனி தண்டோரா கூடாது, ஒலிபெருக்கி வைத்து அறிவியுங்கள் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதாவது நேற்று. ஊருக்கே செய்தி கொண்டுபோனவர்கள் நாம். நம்மைப் பற்றிய செய்தி மட்டும் எங்கும் போனதில்லை.

அரசமைப்புச் சட்டத்தில் உள்ள அடிப்படைக் கடமைகளையும் நான் இதே சந்தேகத்தோடுதான் முதலில் வாசித்தேன். அம்பேத்கர் தலைமையில் வரைந்த மூலச் சட்டத்தில் குடிமக்களின் கடமைப் பட்டியல் கிடையாது. அது 1976-இல் 42-ஆவது திருத்தமாக வந்தது. நெருக்கடிநிலைக் காலம். பத்திரிகைகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்த ஓர் அரசு, ஆராய்ந்து கேட்கும் உணர்வை வளர்த்துக்கொள்வது உன் கடமை என்று குடிமக்களிடம் சொன்னது! 51அ பிரிவின் அந்த உட்பிரிவில் அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், சீர்திருத்த நாட்டம் எல்லாம் உண்டு. யார் எழுதியது என்பதை மறந்துவிட்டுப் படித்தால் அது பெரியாரியக் கூட்டத்தின் துண்டறிக்கை போலக்கூட இருக்கும். ஆனால் கேட்பதற்குத் தகவல் வேண்டும். தகவலைக் கொடுக்க வேண்டிய கடமையை அரசுக்கு விதித்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் வர 2005 வரை ஆனது. குடிமகளின் கடமைக்கும் அரசின் கடமைக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளி. நம் நாட்டில் கடமை எப்போதும் கீழிருந்துதான் தொடங்குகிறது.

சரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்புவோம். அன்று நாம் தவறவிட்டது என்ன?

நாம் சொன்னது: இளையராஜாவை அவர் சாதிக்காக வெளியேற்றினார்கள். எதிர்த்தரப்பு சொன்னது: அது வதந்தி, அங்கே யாருக்கும் அனுமதியில்லை, ஆகவே சாதி இல்லை. அவரே மறுத்த பிறகு நம் வாசகம் விழுந்தது. அது விழுந்ததோடு விவாதமும் முடிந்தது. "பார்த்தாயா, எல்லாவற்றிலும் சாதி பார்ப்பவர்கள் நீங்கள்தான்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காணொளி கிடைத்தது. இன்றும் எங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் கோயில் தீண்டாமை பற்றிப் பேச்செடுத்தால் "இளையராஜா விஷயம் மாதிரியா?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் அறநிலையத் துறையின் விளக்கத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உள்ளே போகலாம் என்று அதில் சொல்லப்பட்டவர்கள் யார்? அர்ச்சகர்கள், ஜீயர்கள், குறிப்பிட்ட பணியாளர்கள். அந்த இடங்களுக்கு யார் வரமுடியும், எந்தப் பிறப்பில் பிறந்தவர் வரமுடியும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. "யாருக்குமே அனுமதியில்லை" என்பது பொய்யல்ல. ஆனால் அந்த "யாருக்குமே"யிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியலில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. பாசுரத்துக்கு இசையமைக்கலாம், அந்த இசையைக் கோயில் வளாகத்திலேயே அரங்கேற்றலாம், அதற்கு மேல் ஒரு படி. அந்தப் படியில் நின்றவர் ஒரு மாபெரும் கலைஞர் என்பதால் நாம் பார்த்தோம். அதே படிக்கு முன்னால் மற்ற எல்லோரும் தினமும்தான் நிற்கிறோம்.

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அர்ச்சகர் பதவி வாரிசுரிமையாகப் போவதை ஒழித்துக் கலைஞர் அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 1970-இல். சேஷம்மாள் வழக்கில் 1972-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாரிசுரிமை ஒழிப்பை ஏற்றுக்கொண்டே, நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டது. தகுதியுள்ள எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-இல் அரசாணை வந்தது, பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள், இளைஞர்கள் படித்து முடித்தார்கள், வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் வேலையில்லாமல் நின்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் அடுத்த தீர்ப்பு வந்த நாள் 2015 டிசம்பர் 16. நான் அவசரப் பதிவு போட்ட நாளுக்குச் சரியாக ஒன்பது ஆண்டு முன்பு. ஆகமத்தைப் பின்பற்றலாம், ஆனால் அது அரசமைப்புச் சட்டத்தோடு மோதக்கூடாது, கோயில் கோயிலாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது அது. 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்ற பல சாதியினர் 24 பேர் அர்ச்சகர்களாக நியமன ஆணை பெற்றார்கள். கோயில்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது எத்தனை சிறிய எண் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் அன்று காலை நான் அறிந்தே இருந்தேன். என் ஆய்வுப் புலத்துக்கு அடுத்த வீடுதான் இது. ஒரு மணி நேரம் பொறுத்து, "வெளியேற்றினார்களா என்பது தெரியவில்லை, ஆனால் அந்தப் படிக்கு மேலே யார் போகலாம் என்ற விதியை யார் எழுதியது?" என்று கேட்டிருந்தால் இளையராஜாவின் மறுப்பு அந்தக் கேள்வியைத் தொட்டிருக்காது. யாராலும் அதை வதந்தி என்று தள்ளியிருக்க முடியாது. உண்மை நம் பக்கம் நூறு அடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நான் அதற்கு மேல் ஒரு முழம் பொய்யை வைத்துக் கட்டினேன். அவர்கள் அந்த ஒரு முழத்தைத் தட்டிவிட்டு, கட்டடமே சரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"எதிரி தினமும் பொய் சொல்கிறானே, நாம் ஒருமுறை பிசகினால் என்ன?" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான எரிச்சல்தான். எந்தக் கணக்கும் காட்டாமல் "நாடகக் காதல்" என்ற ஒரு சொல்லை உலவவிட்டு, தர்மபுரி நத்தம் காலனி 2012 நவம்பரில் எரிந்ததற்கே நியாயம் கற்பித்தார்கள். அந்தச் சொல்லைச் சொன்ன யாரும் பதிவை அழிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு நமக்கு மட்டும் ஏன் இந்தச் சுத்தம்?

என் பதில்: பொய்க்கான விலையை இரு தரப்பும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. அவர்கள் பொய் சொன்னால் எரிவது நம் வீடு. நாம் தவறாகச் சொன்னாலும் காவல் நிலையத்தில் உட்கார்வது நம் பையன்தான்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு திருவண்ணாமலை ஞாபகம் வருகிறது. 2018 மே மாதம் "திருவண்ணாமலையில் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள்" என்று செய்தி வந்ததும் சென்னையில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தால் வரும் வழக்கமான குழப்பம். நடந்தது அங்கே, அந்த மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன குடும்பம் வழியில் நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை பிடிக்கும் கும்பல் கதை அவர்கள் மேல் வந்து விழுந்தது. 65 வயது மூதாட்டி செத்துப்போனார். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 1 அன்று, மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்ற ஊரில் ஐந்து பேர். ஊர் ஊராகப் போய்ப் பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாத் பந்தி தவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊராட்சி அலுவலக அறைக்குள் வைத்தே அடித்துக் கொன்றார்கள். வதந்திக்குக் கண் கிடையாது என்பார்கள். ராயின்பாடாவைப் பார்த்தால் நன்றாகவே கண் தெரிகிறது. ஊர் ஊராகத் திரிகிறவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று 1871-இலேயே சட்டம் எழுதி வைத்தது வெள்ளை அரசு. நம் தென் மாவட்டங்களில் கள்ளர்களையும் மறவர்களையும் அதே பட்டியலில் சேர்த்துக் கைரேகை வைக்கச் சொல்லி, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டும் தள்ளியது. அரசே முத்திரை குத்திப் பரப்பிய வதந்தி அது. அந்த வலியைச் சுமந்த சமூகங்களின் பிள்ளைகள், பக்கத்துக் காலனியைப் பற்றி வரும் அவதூறை யோசிக்காமல் பகிர்வதைப் பார்க்கும்போது கோபத்தைவிட ஆயாசம்தான் வருகிறது.

அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் வெளியிட்டதும் அதே ஜூலை 17-இல். நல்லது. ஆனால் ஐந்து பேருக்கு அனுப்பினாலும் அந்த ஐவரும் ஐந்தைந்து பேருக்கு அனுப்புவார்கள்.

இதைப் படித்துவிட்டு, "ஆகவே அரசு சொல்வதை மட்டும் நம்புங்கள் என்கிறாள்" என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நம்பத்தகுந்த தகவல் வேறு, அதிகாரப்பூர்வத் தகவல் வேறு. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இரண்டு ஆண்டு விசாரித்த சி.பி.சி.ஐ.டி., 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை கொடுத்தது. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். இங்கே "அரசே சொல்லிவிட்டது" என்பது விவாதத்தின் முடிவு அல்ல, தொடக்கம். குற்றப்பத்திரிகை தீர்ப்பு இல்லை. அதே நேரம், அதை எதிர்க்கிற நாமும் அதைப் படித்துவிட்டுத்தான் எதிர்க்க வேண்டும். தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்ப்புச் சொல்ல ஒன்றிய அரசு ஒரு சரிபார்ப்புக் குழு அமைக்க முயன்றது. அதற்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றாக்கியது. சரியான தீர்ப்பு. குற்றஞ்சாட்டப்பட்டவரே நீதிபதியாக முடியாது.

அப்படியானால் யாரை நம்புவது? நம் முன்னோர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் செய்து காட்டினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பறையன் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907 ஜூனில் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கினார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று மூக்நாயக் இதழைக் கொண்டுவந்தார். அதற்கு விளம்பரம் போடக் காசு கொடுத்தும் திலகரின் கேசரி மறுத்துவிட்டது. பெரிய பத்திரிகைகளில் நம் செய்தி வராது என்பதால் தொடங்கியவை அவை. நான் ஆய்வுக்காக அயோத்திதாசரின் பக்கங்களைப் புரட்டும்போது என்னை உட்கார வைப்பது அவருடைய கோபம் மட்டும் அல்ல. எதற்கும் ஒரு சான்றைத் தேடி ஓலைச்சுவடியையும் நிகண்டையும் குடைகிற அந்தப் பிடிவாதம். அவருடைய முடிவுகள் பலவற்றோடு இன்று எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வாசகர் ஒருவர் கேள்வி கேட்டால் இதழிலேயே பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. என் பதிவின் கீழே "ஆதாரம் உண்டா?" என்று கேட்ட ஒருவரை நான் சங்கி என்று நினைத்து பிளாக் செய்திருந்தேன். பிறகு பார்த்தால் அவர் சிவகாசிப் பக்கத்து தோழர்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் நானே ஆரம்பித்தேன். அழித்த பதிவுக்குப் பதிலாக ஒரு புதுப் பதிவு போட்டேன்: டிசம்பர் 16 அன்று நான் எழுதியதில் எது தவறு, எது இன்னும் கேள்வியாக இருக்கிறது என்று. மொத்தம் 23 பேர் பகிர்ந்தார்கள். அதைத் தம்பியிடம் காட்டினேன். "இப்பப் போட்டு என்னக்கா?" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து அறநிலையத் துறைக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதினோம். அவன் முதலில் எழுதியது, "இளையராஜாவை ஏன் தடுத்தீர்கள்?" ஏன் என்று கேட்டால் அந்தச் சட்டத்தில் பதில் வராது. கையில் இருக்கிற ஆவணத்தைத்தான் கொடுப்பார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். அடித்துவிட்டு மாற்றி எழுதினான். அர்த்த மண்டபத்துக்குள் எந்தெந்தப் பதவியில் இருப்பவர்கள் நுழையலாம் என்று சொல்லும் எழுத்து உத்தரவு எது, அதன் எண், தேதி, நகல். அந்தப் பதவிகளில் கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த நியமனங்கள் எத்தனை. அவர்களில் அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனை. கையெழுத்து அவனுடையது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையோடு பதிவுத்தபாலில் அனுப்பினான். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். இதை எழுதும்போது இன்னும் சில நாள் பாக்கி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "அக்கா, நம்ம காலனித் தொட்டிய கடைசியா எப்பக் கழுவுனாங்கன்னு பஞ்சாயத்துல கேக்கலாமா?" கேட்கலாம், ஆனால் அதற்குத் தனி மனு, தனியாகப் பத்து ரூபாய் என்றேன். அதை இப்போது அவனே எழுதிக்கொண்டிருக்கிறான்.